சிறியது என்னும் குறி

சம்சுன் நகரத்து ஆய்வகத்தில்
எந்திரம் ஒருபோதும் சுழியம் எழுதுவதில்லை.
தன் கண்ணுக்கு எட்டாததை
இடப்பக்கம் கூராகி வலப்பக்கம் வாய் பிளந்த
ஒரு சின்னக் குறியால் காட்டிப்
பக்கத்தில் ஒரு தசமத்தை வைத்துவிட்டு
அடுத்த குழாய்க்குப் போய்விடும்.

அன்று நாற்பத்தொன்றாம் குழாய்.
குலிசார், வயது இருபத்தொன்பது, பதினேழாம் வாரம்.
ஏ.எஃப்.பி. சரி. எச்.சி.ஜி. சரி.
எஸ்ட்ரியோல் மட்டும்
அந்தக் குறியின் வாய்க்குள் போயிருந்தது.

கணினிக்குத் தெரிந்த துயரங்கள் இரண்டு மூன்றுதான்.
அவற்றில் ஒன்றை எடுத்துச்
சிவப்பில் அச்சடித்தது.
நான் அனுப்பவில்லை.
கரைசலை மாற்றினேன், மறுபடி சுழற்றினேன்,
பெயர்ச்சீட்டு மாறியிருக்குமோ என்று
நாற்பதையும் நாற்பத்திரண்டையும் சந்தேகப்பட்டேன்.
புது ரத்தம் வரவழைத்தேன்.
புது ரத்தமும் அதையே சொன்னது.

ஸ்கேன் அறையிலோ இதயம்
நிமிடத்துக்கு நூற்று ஐம்பத்திரண்டு முறை
தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.
பையன்.

மருத்துவர் நெஸ்ரின் கேட்டது
எந்தப் படிவத்திலும் கட்டமில்லாத கேள்வி:
"உங்கள் அம்மா வழி ஆண்களில்
யாருக்காவது தோல் வறண்டு
செதிள் செதிளாக...?"

மூன்று நாள் தூங்காத முகத்தோடு
குலிசார் கணவனைப் பார்த்தாள்.
சிரித்தாள். சிரிப்பு
பாதியில் வேறொன்றாக உடைந்தது.
"என் தம்பி" என்றாள். "செலாமி."

கருங்கடல் ஓரத்தில் பிறந்தும்
சட்டை கழற்றிக் கடலில் இறங்காதவன் செலாமி.
பள்ளியில் அவன் பெயர் நெத்திலி.
கோடையிலும் முழுக்கால்சட்டை.
குளித்த கையோடு ஆலிவ் எண்ணெய்.
படுக்கை விரிப்பில் தவிட்டு நிறத் தூள்,
உதறுவது அக்காவின் வேலை.
அழுக்கு என்றார்கள் பார்த்தவர்கள்.
ரத்தம் கசியும்வரை தேய்த்திருக்கிறான்.

ஒரு நொதிதான்.
நுனி நறுக்கும் சின்னக் கத்தரிக்கோல் மாதிரி.
அது இல்லாத தோல் பழைய தோலை விடுவதில்லை.
அது இல்லாத நஞ்சுக்கொடி
எஸ்ட்ரியோலைச் செய்வதில்லை.
"பையன் தாய்மாமனைக் கொள்வான்" என்று
அந்த ஊரில் சும்மா சொல்லும் வாக்கு,
எங்கள் எந்திரம் ஒரு தசமமாகச் சொல்லியிருந்தது.

பாஃப்ரா மினிபஸ்ஸை நிலையத்தில் விட்டுவிட்டு
செலாமி வந்தான்.
"என்னாலா?" என்றான் முதலில்.
யாரும் பதில் சொல்வதற்குள்
குனிந்து
கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினான்.
அவன் அக்காகூட அதைப்
பதினைந்து வருடமாகப் பார்த்ததில்லையாம்.
நெஸ்ரின் கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டாள்.
ரத்தக்குழாய் வாங்க வந்த நான்
வாசலிலேயே நின்றுவிட்டேன்.

பனிக்குட நீருக்குப் பத்தொன்பது நாள் காத்திருந்தோம்.
எக்ஸ் நிறமியின் நுனியில் ஒரு துண்டு குறைவு.
அவ்வளவுதான்; இந்த முறை அவ்வளவுதான்.
கோப்பில் எழுதினார்கள்:
வலி தானாக வரத் தாமதமாகலாம், காத்திருக்க வேண்டாம்.

செலாமி கேட்டது ஒன்றே ஒன்று,
பெயர் வைத்துவிட்டீர்களா என்று.

நேற்று இருபத்தாறாம் குழாய்.
அதே குறி.
நெஸ்ரின் அதே கேள்வியைத் தொலைபேசியில் கேட்டாள்.
அந்தப் பெண் வெகுநேரம் யோசித்து,
தன் அம்மாவை அழைத்து விசாரித்து,
மன்னிப்புக் கேட்பவள் போலச் சொன்னாளாம்:
"இல்லை. அப்படி யாரும் இல்லை."

கரைசலை மாற்றுகிறேன்.