விலக்கப்பட்ட ஒன்று

இருபத்தாறு வருடம்
தோள்வரை உறைமாட்டிய என் இடக்கை
பசுக்களுக்குள் இருந்திருக்கிறது.
குடற்சுவருக்கு அப்பால் சூலகம் தேடுவேன்;
முதிர்ந்த சூல்பை
பன்னீர் திராட்சைபோல் அமுங்கும்.

அருமனை, களியல், குலசேகரம்.
ரப்பர் வரிசைகளுக்கு இடையே கொட்டில்கள்.
மூன்று ஊசிக்கும் சினை நிற்காத
நாற்பத்தெட்டுக் கலப்பினப் பசுக்கள்.
பாதிக்கு ஹார்மோன்,
பாதிக்கு வெறும் உப்புநீர்.

முப்பத்தொன்றாம் எண்
ஞானாபரணத்தின் செவலை.
உப்புநீர்.
அறுபதாம் நாள் கைவிட்டுப் பார்த்தால்
கருப்பையின் வலக்கொம்பு பருத்திருந்தது.
எனக்கு வியர்த்தது.

பால்வெட்டுக் கத்தியைத் துடைத்தபடி அவர் சொன்னார்:
"டாக்டர் கோவப்படப்பிடாது.
மஞ்சாலுமூட்டுல ஒரு காளை நிக்குன்னாவ.
அண்ணைக்கு ராத்திரி நல்ல மழை,
டார்ச் அடிச்சு நடத்திக் கொண்டுபோனேன்.
ஒங்க ஊசிய நான் கொறை சொல்லேல்ல."

ஆய்வேட்டில் அது
எழுபத்திரண்டாம் பக்கத்து அடிக்குறிப்பு:
'ஒரு விலங்கு விலக்கப்பட்டது.'
காரணம் எழுதவில்லை.
நாற்பத்தேழுக்குக் கணக்குப் போட்டேன்.
இரு குழுக்களுக்கும் இடையே
சொல்லும்படியான வேறுபாடு இல்லை.
அதற்குத்தான் பட்டம் தந்தார்கள்.

விலக்கப்பட்டது
நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு ஒரு கிடாரி ஈன்றது.
பிறகு அதுவும் ஈன்றது.
நான் எந்த அட்டவணையிலும் ஏற்றாத வம்சம்.

நேற்று ஞானாபரணத்தின் மகள் போன் செய்தாள்:
சுட்டிக்காரியின் பேத்திக்கு
நாலாவது ஊசியும் நிற்கவில்லையாம்.
நைட்ரஜன் குடுவையை ஜீப்பில் ஏற்றுகிறேன்,
மூடி விலகிய இடத்தில் வெண்புகை.
"எந்த வழி மேடம்?" என்கிறார் டிரைவர் கிறிஸ்துதாஸ்.
கொஞ்சம் யோசித்துவிட்டு
மஞ்சாலுமூடு வழி போகச் சொல்கிறேன்.