கலம்

பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில்
உயிரின் மிகச் சிறிய அறைக்குக் கலம் என்று பெயர்.
திருகோணமலையில் பிறந்தவளுக்கு அது
முதலில் கப்பலாகத்தான் தெரியும்.
பரீட்சைத்தாளில் நான் வரைந்த கலத்துக்குக் கீழே
இரண்டு அலைக்கோடுகள் இருந்தன.
ரீச்சர் சிவப்புப் பேனையால் வெட்டினார்.

இன்று ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
மாசிலாமணியின் தோளிலிருந்து எடுத்த தசைத்துண்டு
ஊதாவும் இளஞ்சிவப்புமாய்க் கண்ணாடியில் கிடக்கிறது.
சல்லியில் வள்ளம் வைத்திருப்பவர்.
முடிவு சொல்வது டொக்டரின் வேலை, என்னுடையதல்ல.
ஆனாலும் மனிசன் வாசலில் நின்று கேட்கிறார்:
"மிஸ், இது ஏதும் கிருமியோ?
வீட்டில கோழி நிக்குது. கோழியாலையும் வருமெண்டு
பெடியன் போனில பாத்துச் சொல்றான்."

கோழி.
எனக்கு உடனே வாய் வரவில்லை.
கொழும்பில் ஒன்றரை வருடம்
எலியின் கலங்களுக்குள்
ஒரு கோழி வைரஸின் ஒற்றை நொதியத்தை விட்டு
என்ன நடக்கிறதென்று குனிந்து பார்த்தவள் நான்.

நல்ல எலிக்கலம் தட்டின் அடியில்
நங்கூரம் பாய்ச்சிப் படிந்து கிடக்கும்,
காற்று விழுந்த மத்தியானத்து உள்துறைமுகம் மாதிரி.
அயல் கலத்தின் விளிம்பு பட்டால் தயங்கி நிற்கும்.

அந்த நொதியம் எதையும் உடைப்பதில்லை.
புரதம் புரதமாய்ப் போய்
டைரோசின் என்ற கொக்கி எங்கே நீட்டியிருக்கிறதோ
அங்கே ஒரு பொஸ்பேட்டைக் கொழுவிவிட்டு வரும்.
அவ்வளவுதான்.
ஒரு காலம் மூதூர் லோஞ்சுக்கு முன்னால்
பாஸ் துண்டில் குத்துவார்களே,
அந்தளவு மை.

பத்தாயிரம் பொஸ்பேட்டில் மூன்றோ நாலோதான்
வழக்கமாய் டைரோசினில் விழும்.
வைரஸின் நொதியம் வந்தபின் பத்து மடங்கு.
வின்குலினில் ஒன்று, பாக்சிலினில் ஒன்று...
நங்கூரக் கயிற்றைப் பிடித்திருந்த கைகள் அவை.
வியாழக்கிழமை படுத்திருந்த கலங்கள்
வெள்ளி காலை உருண்டு நின்றன,
ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி,
தரையே வேண்டாமென்று.
நான் தேத்தண்ணியைக் குடிக்க மறந்துபோனேன்.

பிறகு படித்ததுதான் இன்னும் நித்திரையைக் கெடுக்கிறது.
அந்த நொதியம் வைரஸுடையதே அல்ல.
எப்போதோ ஒரு கோழியின் கலத்திலிருந்து
களவாய் அள்ளிக்கொண்டு போனது.
அதன் சோடி எலியிலும் உண்டு. என்னிலும்.
இந்த வாசலில் நிற்கிறவரிலும்.

வீட்டில் உள்ளது,
வாலை வளைத்து மூக்கில் வைத்துத் தூங்கும் நாய்.
அந்த வாலிலும் ஒரு டைரோசின், அதிலும் ஒரு பொஸ்பேட்;
அதுதான் பூட்டு.
களவு போனதுக்கு வால் நுனி இல்லை.
ஆகவே தூக்கமும் இல்லை.
ஒரே மைதான்.
ஓரிடத்தில் கட்டுகிறது, இன்னோரிடத்தில் அவிழ்க்கிறது.

"கோழியால இல்லை" என்றேன்.
அது உண்மை. அந்த வைரஸ் இவரைத் தீண்டியதில்லை.
"அப்ப எதால?"
டொக்டர் சொல்லுவார் என்றேன். அதுவும் உண்மை.
ஆனால் அரைப் பொய்யின் ருசி நாக்கில் இருந்தது.

அவர் போகவில்லை.
வெளியே கேற்றடியில் ஒரு புள்ளிமான்
சோற்றுப் பார்சலின் லஞ்ச் ஷீற்றைச் சப்பிக்கொண்டு நின்றது.
அதைப் பார்த்தபடியே சொன்னார்:

"போன கச்சானுக்கு என்ர வள்ளம் தன்பாட்டில போச்சு, மிஸ்.
ஆரோ கயிறை அறுத்துப்போட்டாங்களெண்டு
ரெண்டு பேரோட சண்டையும் பிடிச்சன்.
இழுத்துக்கொண்டு வந்து பாத்தா
கயிறு முழுசாக் கிடக்கு.
முடிச்சுத்தான் அவிண்டிருக்கு."

"ஆர் கட்டின முடிச்சு?"

"நான் கட்டினதுதான்."

சொல்லிவிட்டு நோகாத தோளால் கதவைத் தள்ளிப் போனார்.
நான் கண்ணாடியின் ஓரத்தில் இலக்கம் எழுதினேன்.
ஏழு மாதிரி வந்த ஒன்றை
அழித்து, திரும்ப எழுதினேன்.