தெரியாததற்கு ஒரு கோடு

குகைக்குள் போனவர்கள் நாடா பிடித்து அளப்பார்கள்.
ஒருவர் முனையைப் பிடிக்க, ஒருவர் எண்ணைக் கத்த,
சேறு படிந்த நோட்டில் மூன்றாமவர் எழுத,
மேலே வந்து குளித்து, சூப் குடித்து,
மென்பொருளில் ஏற்றினால்
பூமியின் குடல் திரையில் சுருண்டு கிடக்கும்.

இலவச மென்பொருள். விற்றவர் இல்லை, வாங்கியவர் இல்லை.
பன்னிரண்டு ஆண்டுகளாக அதற்கு
ஒரே ஒரு கோடுதான் தெரியும்.
கையால் தொட்டு அளந்த சுவரும் அழுத்தமான கோடு.
விளக்கொளி எட்டிய தூரத்தில்
இருக்கலாம் என்று நினைத்த சுவரும்
அதே அழுத்தமான கோடு.

பிஹாச்சுக்கு மேற்கே ஒரு குகையில்
எமினாவின் குழு அந்தக் கோட்டை நம்பி
நான்கு மணி நேரம் தவழ்ந்தது.
கோடு இருந்தது. வழி இல்லை.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை,
முழங்கால் தோலும் பேட்டரியும்தான் போயின.
வெளியே வந்து அவள் கேட்டது ஒன்றே ஒன்று:
புள்ளிக்கோடு.

பிர்னோவிலிருந்து வோய்ட்யெக் எழுதினான்:
செய்யலாம், மூன்று வாரம் ஆகும்,
சம்பளம் இல்லாத விடுப்பு எடுக்க வேண்டும்,
ஆயிரத்து இருநூறு யூரோ.
தொகைக்கு முன்னால் இரண்டு முறை
மன்னிப்புக் கேட்டிருந்தான்.

கணக்கு என் கைக்கு வந்தது.
பகலில் பல் மருத்துவருக்கு ரசீது போடுகிறவள்
இரவில் குகைக்காரர்களுக்குப் போட்டேன்.
க்ளூஷ் நகரத்து டோரினா, நாற்பது.
லுப்லியானா மாணவர் சங்கம், பீர் விற்ற காசு, நூற்றுப் பதினாறு.
பெயர் போடாத ஒருவர், ஐம்பத்தொன்று.
அந்த ஒன்று எதற்கு என்று யோசித்தேன்.
மொய் நோட்டுதான் இதுவும்,
ஆனால் யார் வீட்டு விசேஷத்திலும்
திருப்பிச் செய்ய வேண்டாத மொய்.

கிராகோவ் ஷ்செபான் கேட்டான்:
கொடுக்காதவனுக்கும் கிடைக்குமா?
கிடைக்கும்.
பிறகு நான் எதற்குக் கொடுக்க?
பதில் என்னிடம் இல்லை.
அன்றைய ரசீதுகளை அனுப்பிவிட்டுத் தூங்கினேன்.

சிறுதுளி பெருவெள்ளம் என்கிறார்கள்.
வெள்ளம் வந்தால் நாங்கள் ஓடிவிடுவோம்.
நாங்கள் பார்த்த சிறுதுளி
கூரையில் தொங்கி, யோசித்து, விழுந்து,
விழுந்த இடத்தில் சுண்ணாம்பாய்க் கொஞ்சம் விட்டுப்போகும்.
ஆயிரத்து நூற்று அறுபத்துமூன்றில்
பதினெட்டு நாள் தொங்கியது எங்கள் தொகை.
பிறகு முப்பது வந்தது. பிறகு ஏழு,
ரசீதில் தேதி தவறு என்ற புகாரோடு.

வோய்ட்யெக் நிரலுக்குள் இறங்கினான்.
கோடு வரையும் பகுதியின் தலையில்
யாரோ எப்போதோ எழுதியிருந்தார்:
இங்கே கை வைக்காதே.
ஏன் என்று எனக்கும் மறந்துவிட்டது.
கை வைத்தான். எல்லாக் குகைகளும்
ஒரு வாரம் தலைகீழாய்த் தொங்கின.
மூர்சியாவிலிருந்து இலூமினாதா என்றொருத்தி,
நாங்கள் கேள்விப்படாதவள்,
ஒரு ஞாயிறு பிற்பகலில் அதை நிமிர்த்தி அனுப்பினாள்.
காசு வேண்டாம் என்றாள். ஏன் என்று சொல்லவில்லை.

மூன்று வாரம் இரண்டரை ஆனது.
அரை வாரக் காசை வோய்ட்யெக் திருப்பி அனுப்பிவிட்டான்.
இருநூறு யூரோவை
நாற்பத்தொரு பேருக்குப் பிரிப்பதா,
வங்கிக் கட்டணமே பாதியைத் தின்னுமே என்று
வசூலித்த காலத்தை விட அதிக காலம் சண்டை போட்டோம்.
இன்னும் முடியவில்லை.

புதிய பதிப்பில் முதலில் வந்த வரைபடம்
ஷ்செபானுடையது.
நுழைவாயிலில் கொஞ்சம் அழுத்தமான கோடு.
பிறகு உள்ளே, கீழே, தாள் முடியும் வரை
புள்ளி, புள்ளி, புள்ளி.
இருபது வருடம் அவன் நிச்சயமாய்ச் சொல்லிவந்த குகை.

மறுநாள் காலை கணக்கில் பன்னிரண்டு யூரோ.
குறிப்பில் ஒரே சொல்:
தண்ணீருக்கு.
அடுத்து நீல நிறம் வேண்டுமாம்.
நோட்டில் புதுப் பக்கம் திருப்பித்
தேதியை இரண்டு முறை சரிபார்த்தேன்.