பெயர்ச்சீட்டு

கக்கதாசபுரா வாடகை வீட்டில்
குக்கர்வரை மஞ்சள் சீட்டு.
ஏப்ரலில் ஸ்டுட்கார்ட். அதற்குள்
தாரிணிக்கும் எனக்கும் ஜெர்மன் வந்தாக வேண்டும்.

கரண்டி ஆண், முள்கரண்டி பெண்.
கத்தி இரண்டுமில்லை, வெறும் அது.
“பாவம்மா கத்தி” என்று
தோசையில் ஒரு விள்ளல் அதற்கும் வைத்தாள்.
நிலா அவன், சூரியன் அவள் என்றதும்
பால்கனிக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

நேற்றுத் தன் சட்டையிலும் ஒன்று ஒட்டச் சொன்னாள்.
சிறுமி: மேட்சென்.
புத்தகத்தைப் புரட்டினால், அதுவும் அது.
தண்ணீர் லாரிச் சத்தத்தில் விழுங்கிவிடலாம் என்று பார்த்தேன்.
விடுவாளா.
சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு, பழம் நறுக்கும் அந்த மழுங்கல் கத்தியைப்
பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு
“அதுக்குப் பசிக்குதும்மா” என்றாள்.

எதுக்கு என்று கேட்காமல்
இரண்டு தோசை வார்த்தேன்.