ஓட்டுநரின் பங்கு

ஆஸ்திரேலியா போக உண்டியலில் சேர்த்த வெள்ளி
மழைக்கு முன்னால் கூரைத் தகரமாகிவிட்டது.
"திராட்சைத் தோட்டம் இல்லாட்டி என்ன,
தென்னந்தோப்பு இருக்குல்ல" என்றாள் ரூபாவதி.
அப்படித்தான் கிளம்பினோம்
லங்காப்பிலிருந்து நிலம் முடியும் இடம்வரை.
ஒரு ஞாயிறு, ஒரு மைவி, நாலு பேர்.

ஆலையின் ஆண்டு விருந்துக் குலுக்கலில் விழுந்த
நெட்டைக்கால் வைன் கிண்ணங்கள்
நாளிதழ் சுற்றிக்கொண்டு பின்னால் கிலுங்கின.
தனேந்திரன் யூடியூப் பார்த்துவிட்டு வந்திருந்தான்:
முதலில் சுழற்று. பிறகு முகர்.
வாயில் உருட்டு. கடைசியில் துப்பு.
"துப்பணுமா?" என்றார் என் வீட்டுக்காரர்.
அதன்பின் வெகுதூரம் யாரும் பேசவில்லை.

எனக்குக் கள் ஆகாது என்றில்லை.
சாவி என் கையில் இருந்தது, அவ்வளவுதான்.
நிறுத்திய இடத்திலெல்லாம் நோட்டை எடுத்து
கடைப்பெயர் எழுதி, பத்துக்கு எத்தனை என்று கேட்டேன்.

வெறும் வயிற்றில் சுவைக்கக் கூடாதாம்.
மாக் யாவின் நாசி லெமாக்கில் பசியாறினோம்:
சம்பல் ஒன்பது, நெத்திலி ஆறு.
ஆ ஹெங் கடை மீ,
சட்டி கருகிய வாசத்துக்கு மட்டும் எட்டு.
பாலத்தடி ஒட்டுக்கடையில் மீன்தலைக் கறி.
ரூபாவதி கண்ணை உறிஞ்சி முடித்துவிட்டு
"நம்பர் போடாதே. திரும்ப வரணும்னு எழுது" என்றாள்.
எழுதினேன்.

செம்பனை, செம்பனை, செம்பனை.
பள்ளிச் சபைகூடலில் நிற்கும் பிள்ளைகள்போல் வரிசை.
குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால்
முப்பதில் ஊர்ந்தோம் ஐந்து கிலோமீட்டர்.
பிறகு திடீரென்று தென்னை,
வரிசை தெரியாத மரங்கள்,
ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு.

முதல் கடை தகரச் சாய்ப்பு.
கிண்ணங்களைக் கண்டதும் பெஞ்சில் இருந்தவர்கள்
பெண்ணழைக்க வந்தவர்களுக்குப்போல்
நகர்ந்து இடம் விட்டார்கள்.
தனேந்திரன் சுழற்றினான்.
நுரை அவன் சட்டையில் போய் விழுந்தது.
"என்ன வாசம்?"
"ஈரச் சாக்கு."
"இளநீருக்குக் காய்ச்சல் வந்த மாதிரி."
"எனக்கு மூக்கடைப்பு."
மூன்றையும் எழுதினேன்.
யாரும் துப்பவில்லை.

இரண்டாவது கடையில்
"பொம்பளைக்கு ஊத்தறதில்ல" என்றார் கல்லாவில் இருந்தவர்.
ரூபாவதி என் நோட்டை வாங்கி
பக்கம் நிறைய ஒரு முட்டை போட்டு
அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.
முட்டையைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார்.
ஊற்றினார்.
நாலு என்று திருத்திக்கொண்டோம்;
கள் சுமார்தான்.

மூன்றாவது கடை கடல்வாடைக்குள் இருந்தது.
அங்கே ஒன்பதரை. காரணம் எழுதச் சொன்னால்
ஆளுக்கொரு பக்கம் சிரித்தார்கள்.
மிச்சத்தை நான் தண்ணிப் போத்தலில் வாங்கினேன்.
"மூடிய இறுக்காதீங்க, அது மூச்சு விடணும்" என்றாள்
ஊற்றிக் கொடுத்தவள்.
என் சீட்டுக்கடியில் வழிநெடுக அது மூச்சு விட்டது.

திரும்பும்போது தெலுக் இந்தானில்
"சாய்ஞ்சிருக்கிறது கோபுரமா, நானா?" என்றார் வீட்டுக்காரர்.
"ரெண்டும்" என்றேன்.
அன்று காரில் சாட்சி சொல்லத் தகுந்தவள் நான் ஒருத்தி.

வீட்டில் மூன்று குறட்டை, மூன்று சுருதி.
காலையில் கிளம்பும்முன்
பச்சரிசி ஊறப்போட்டிருந்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
அரைத்து, தேங்காயும் ஒரு பிடிச் சோறும் சேர்த்து
போத்தலைக் கவிழ்த்தேன்.

விடிகாலை ஐந்துக்கு
மாவு பாத்திர மூடியைத் தலையில் தூக்கிக்கொண்டு நின்றது.
ஒரு கரண்டி ஊற்றி, சட்டியைச் சுழற்றினேன்.
ஓரம் பழுத்து, நடுவில் பஞ்சு.
முகர்ந்தேன்.
தென்னை, புளிப்பு, பின்னால் எங்கோ கொஞ்சம் கடல்.

ஆலைச் சங்கு ஊத இன்னும் நேரமிருந்தது.
மூன்று அப்பத்தை நின்றபடியே தின்றுவிட்டு
நாலாவதற்கு
ரூபாவதியை எழுப்பினேன்.
நோட்டைத் தேடினாள்.
எடுத்துக் கொடுக்கக்
கையெல்லாம் மாவு.