மூன்று விரல்

ஆயக்காரன்புலத்தில் ஏறியவரிடம்
இரண்டு ரூபாய் குறைந்தது.
மடியை அவிழ்த்து, தேதித் தாளில் மடித்திருந்த
ஒரு சிட்டிகையை எடுத்து நீட்டினார்.
"சில்லறைக்குச் சரியாப் போச்சு, கண்டக்டர்."
மூக்குப்பொடி என்று முகர்ந்தேன். வாசனையே இல்லை.
"வெதைங்க அது. பெருமூச்சு விட்டுடாதீங்க,
ஒரு மா கொல்லைக்குக் காணும், பறந்துடும்."

பழுப்புத் தூள். இதன் பக்கத்தில் வைத்தால்
கடுகு ஒரு பூசணிக்காய்.
மன்னார்குடி வரைக்கும்
மூச்சைப் பார்த்துப் பார்த்து விட்டேன்.

ஆடியில்தான் நிறுத்தியிருந்தேன்.
பதினெட்டு வருஷம், இடது கன்னம்.
தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அந்தச் சின்னப் பெண் டாக்டர்
"மூணு விரலை நிமிர்த்தி வாய்க்குள்ள வைங்க" என்றார்.
இரண்டு போயிற்று.
மூன்றாவது பல்லில் முட்டிக்கொண்டு
படிக்கட்டில் நிற்கிற பயணி மாதிரி நின்றது.
உள்ளே இடமில்லை.

"குடியை விட்டவன் சாராயம் காய்ச்சுறாப்ல இருக்கு"
என்றாள் அம்சவேணி.
பதில் இல்லை என்னிடம்.
மீன்கடைத் தெர்மாகோல் பெட்டியில்
வாய்க்கால் வண்டலும் ஆற்று மணலும் அடுப்புச் சாம்பலும்.
விதையை மணலோடு கலந்து தூவினேன்.
மண் போட்டு மூடக் கூடாதாம், வெளிச்சம் வேண்டும் அதற்கு.
இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கிற அவளுடைய குப்பியை
கேட்காமலே எடுத்துக்கொண்டேன்.

ஒன்பது நாள் ஒன்றுமில்லை.
பத்தாம் நாள் பாசி பிடித்துவிட்டது என்று
சுரண்டப் போனேன்.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தால்
பாசிக்கு இரண்டிரண்டு இலை இருந்தது.

ஐப்பசி மழை
அரித்திராநதி படிகளை விழுங்கிய வாரம்
பெட்டி மாடிப்படிக்கு அடியில், ஸ்கூட்டருக்குப் பக்கத்தில்.
இரவுப் பேருந்து முடிந்து வந்து
முதலில் அதைத்தான் பார்த்தேன்;
அதற்காக ஒரு நாள் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.
ஆயிரத்தில் நாலை மட்டும் பிடுங்கி
பெயிண்ட் வாளிகளில் மாற்றினேன்.
மிச்சத்தைக் கொட்டுகையில் கை கொஞ்சம் தயங்கியது,
தயங்க என்ன இருக்கிறது அதில்.

தை பிறந்ததும் இலை ஒவ்வொன்றும்
என் தோல்பை அகலம்.
தொட்டால் பிசின். கொசுக்குஞ்சுகள் ஒட்டிக்கொண்டு செத்தன.
ராத்திரியில் யாரோ ஓரம் கடிப்பது கண்டு
டார்ச்சோடு உட்கார்ந்தேன்.
பச்சையாய், குண்டாய், ஒரு புழு.
கன்னத்தில் ஒதுக்கவில்லை. துப்பவில்லை.
நேரே விழுங்கிக்கொண்டிருந்தது.
அதற்கு ஒன்றும் ஆகவில்லை.
எனக்கு வந்த கோபம்
அந்தப் புழுவுக்கு மிக அதிகம்.

மாசியில் அந்த ஆள் மறுபடி ஏறினார்.
சரியான சில்லறை கொடுத்தார்.
"தலை கிள்ளிட்டீங்களா? கிள்ளாட்டி
இலை தடிக்காது, காரம் ஏறாது."
கிள்ளவில்லை என்றேன்.
பாவம் பார்ப்பது போல் பார்த்தார்.
கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரை
விரல் நீளத்துக்குச் சுருக்கி
வெளிறிய ரோஸ் அடித்தது போலப் பூ.
சத்தம் மட்டும் இல்லை.

அடி இலை ஒன்று தானாகப் பழுத்தது.
கம்பிக் கிராதியில் தொங்கி
பங்குனி வெயிலில் நாலு நாள் காய்ந்தது.
ஐந்தாம் நாள் சட்டைப் பொத்தான் போடுகையில்
வந்தது அந்த வாசனை.
வாய் முழுக்க ஊறிவிட்டது.
பொத்தானைத் தப்பான காஜாவில் போட்டுக்கொண்டு
டிப்போ வரைக்கும் நடந்தேன்.

திரும்பி வந்தபோது கிராதி காலி.
அம்சவேணி அதைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு
செம்பருத்தியின் மாவுப்பூச்சிக்கு ஊற்றியிருந்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.
மூன்று வாளியில் காய் முற்றுகிறது,
ஒன்றை அவள் வெட்டிவிட்டாள் போலிருக்கிறது.

இன்று காலை கண்ணாடி முன்னால்:
இரண்டு.
மூன்றாவது, நகம் வரைக்கும்.