சிக்னல் இல்லை

கரகண்டா பேருந்து நிலையத்துக்குப் பின்னால்,
மைனஸ் இருபத்தேழில்,
கார்க் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி
விளாத்லென் கிம் நீட்டினான்:
கிழிந்த ஸ்வெட்டரில் சுற்றிய கிராபிக்ஸ் கார்டு.
"நேற்று ராத்திரிவரை ஓடியது, சத்தியமாய்."
நாற்பத்திரண்டாயிரம் தெங்கே.
கையுறையைக் கழற்றி எண்ணிக் கொடுத்ததில்
கடைசி மூன்று தாள்கள்
விரலுக்கு உறைக்கவே இல்லை.

வந்ததும் மாட்டிவிடக் கூடாது.
குளிரிலிருந்து வீட்டுக்குள் வந்த உலோகம் வியர்க்கும்.
மேசையில் கிடத்தி
பெண் பார்க்க வந்தவள் போல
எதிரில் உட்கார்ந்திருந்தேன் இரண்டு மணி நேரம்.
முதுகுத் தகட்டில் முத்து முத்தாய் நீர்.
துடைக்கவில்லை.
பால் ஊற்றித் தேநீர் குடித்தேன்,
ஊற்றாமல் ஒரு முறை.

திங்கட்கிழமை காட்டியாக வேண்டும்
நிலக்கரி அடுக்கின் முப்பரிமாணப் படத்தை.
நுர்தாஸ் தினமும் இறங்கும் அடுக்கு.
என் பழைய கம்ப்யூட்டர் அதை ஒரு பாகை திருப்புவதற்குள்
சூப் கொதித்து இறங்கிவிடும்.

ரேடியேட்டரைத் தொட்டு
உடம்பின் மின்சாரத்தைக் கழித்தேன்.
ஸ்லாட்டில் அழுத்தினேன், க்ளிக்.
எட்டு முனைக் கேபிள், அதுவும் க்ளிக்.
பட்டன்.
விசிறிகள் சுற்றுகின்றன, விளக்கு எரிகிறது,
திரை மட்டும் கறுப்பு.
கறுப்பின் நடுவில் ஒரே வரி:
சிக்னல் இல்லை.
பெட்டிக்குள்ளிருந்து பீப் ஒலி,
ஒரு நெடில், இரண்டு குறில்.

கழற்று. தங்க விளிம்பை ரப்பரால் தேய். மாட்டு.
நெடில், குறில், குறில்.
கேபிளை மாற்று.
திரையை மாற்றிப் பார்க்கலாமென்றால் இருப்பது ஒன்று;
எதிர்வீட்டு ருஃபீனாவிடம் டிவியைக் கேட்டேன்,
சீரியல் முடியட்டும் என்றாள்.
பவர் சப்ளையின் ஸ்டிக்கரில்
அறுநூற்றைம்பது வாட்.
ஸ்டிக்கர் பொய் சொல்லுமா?
சொல்லும்.

கிம் நாலாவது அழைப்பில் எடுத்தான்.
"ஜன்னலில்லாத கொட்டகை, ஜாவ்ரே.
இரும்புச் சட்டத்தில் எட்டுக் கார்டுகள் வரிசையாய்.
மூன்று வருஷம் நாணயம் தோண்டியது,
ஒரு நாள் லீவு கேட்டதில்லை."
படம் காட்டியதா?
கொஞ்சம் இருமினான்.
"திரையே மாட்டியதில்லை. எதற்கு மாட்டணும்?"

ஒரு மணிக்கு நுர்தாஸ் வந்தான்,
இமை ஓரங்களில் மை தீட்டியதுபோல் கரித்தூள்.
"என்ன தெரியுது?"
"ஒண்ணும் தெரியலை."
"எனக்கும்தான், சாயங்காலத்திலேர்ந்து"
என்று குளிக்கப் போனான்.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
மறுபடி கழற்றிப் புரட்டினேன்.
விளிம்பில்
கடுகு அளவில் ஒரு சுவிட்ச்.
பக்கத்தில் யாரோ வைத்த வெள்ளை மைப் பொட்டு.
அப்போதுதான் உறைத்தது:
இந்த ரகத்துக்கு நினைவு இரண்டு.
ஒன்று பிறந்தபோது வைத்தது.
மற்றது கொட்டகைக்காரர்கள் எழுதியது:
மின்சாரத்தைக் குறை, சூட்டைக் குறை,
தோண்டு,
பார்வை உனக்குத் தேவையில்லை.

அது இன்னும் கொட்டகையிலேயே இருக்கிறது.
வெளியே வந்துவிட்டதை
யாரும் அதற்குச் சொல்லவில்லை.

நகத்தால் தள்ளினேன்.
மாட்டினேன். பட்டன்.
ஒரே ஒரு குறில்.
பூசணிக்காய் பருமனில் எழுத்துகள்
திரை கொள்ளாமல் வந்து நின்றன.
அழகில்லைதான்.
நான் எழுந்து நின்றுவிட்டேன்.

டிரைவர் அறுபத்திரண்டு சதவீதத்தில்
பத்து நிமிஷம் யோசித்தது.
இடது விசிறி எதையோ உரசுகிறது,
அதை நாளைக்குப் பார்க்கணும்.
மூன்று மணிக்கு அடுக்கைத் திறந்தேன்.
திரும்பியது. தயங்காமல், முழுதாய்,
மேலே களிமண், கீழே கரி, நடுவே நீலப் பிளவு.

தோளில் துண்டோடு பின்னால் நின்ற நுர்தாஸ்
ஈரவிரலைத் திரையில் வைத்தான்.
"இங்கே தண்ணி சொட்டுது.
உன் படத்துல இல்லையே."

விரல் எடுத்த இடத்தில் ஒரு துளி.
அது உலருமுன்
குறித்துக்கொண்டேன்.